குருமனையை விட்டு வெளியேறியோர்: 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குருமாரின் கைம்பெண்களுக்கான தரும இல்லங்கள்

திருச்சபை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பேராயர்களையும் சங்கங்களையும் கோட்பாட்டுப் போராட்டங்களையும் பற்றியே எழுதுகின்றனர். ஒரு குருவானவர் இறந்த பின்னர் அவருடைய மனைவி எங்கே போய்க் குடியிருந்தார் என்னும் வினாவை அவர்கள் எழுப்புவது அரிது. ஆயினும், திருச்சபை தன் ஊழியரை எவ்வாறு மதித்தது என்பதை அறிவதற்கு இவ்வினா பெரிதும் துணை செய்கிறது. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வறுமையுற்ற குருமாரின் கைம்பெண்களுக்கென அமைந்திருந்த தரும இல்லங்களைப் பற்றியும், அவை ஏன் தேவைப்பட்டன, எவ்வளவு பயன்பட்டன, எங்கே குறைபட்டன என்பதைப் பற்றியும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. சீர்திருத்தம் தோற்றுவித்த புதிய நிலை

குருவின் கைம்பெண் என்னும் நிலையே இங்கிலாந்தில் சீர்திருத்தத்தின் பயனாகத் தோன்றியதாகும். இடைக்காலத்தில் குருமார் மணத்துறவு பூண்டவர்களாய் இருக்க வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். ஆறாம் எட்வர்டு மன்னரின் காலத்தில், 1549-ஆம் ஆண்டு, குருமார் மணம் செய்துகொள்ளப் பாராளுமன்றம் இசைவளித்தது. மேரி அரசியின் காலத்தில் அவ்விசைவு நீக்கப்பட்டது. எலிசபெத் அரசி குருமாரின் திருமணத்தைத் தடை செய்யவில்லை. ஆயினும் அதனை விரும்பவுமில்லை. ஒரு குரு மணக்கவிருக்கும் பெண்ணைப் பேராயரும் நீதிபதிகள் இருவரும் விசாரித்து ஏற்கவேண்டும் என 1559-ஆம் ஆண்டு அவர் கட்டளையிட்டார். பேராலய வளாகங்களிலும் கல்லூரிகளிலும் மனைவியர் குடியிருத்தலாகாது என 1561-ஆம் ஆண்டு ஆணை பிறப்பித்தார். 1604-ஆம் ஆண்டில்தான் குருமாரின் திருமணத்திற்குச் சட்டத்தின் முழு ஆதரவு மீண்டும் கிடைத்தது.

ஈண்டு நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குருவுக்கு மனைவி உண்டு என்பதைத் திருச்சபை ஏற்றுக்கொண்டது. ஆனால் குருவின் வீட்டையும் வருவாயையும் பற்றிய பழைய சட்டம் மாறவில்லை. தசமபாகமும், கோயில் மானிய நிலத்தின் வருவாயும், குருமனையும் அப்பதவிக்கு உரியவை. பதவியிலிருக்கும் குரு அவற்றைத் தம் வாழ்நாள் முழுவதும் சொந்த உடைமைபோல் அனுபவிக்கலாம். அவர் இறந்ததும் அவை யாவும் அடுத்து வருபவரைச் சேரும். தனித்து வாழ்ந்த குருவுக்காக ஏற்பட்ட இவ்வமைப்பில் மனைவிக்கும் மக்களுக்கும் இடமே வகுக்கப்படவில்லை.

2. இரண்டு மாத அவகாசம்

19-ஆம் நூற்றாண்டிலும் நிலைமை இதுவே. 1838-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, குரு இறந்தபின் அவருடைய கைம்பெண் இரண்டு மாத காலத்துக்கு மேற்படாமல் குருமனையில் தங்கியிருக்கலாம் என்று அனுமதித்தது. இருபது முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, சபையாரின் நோயாளிகளைப் பேணிய வீட்டை விட்டு நீங்குவதற்குச் சட்டம் அளித்த காலம் அவ்வளவே.

வெளியேறுவது மட்டுமன்று, வெளியேறும்போது அவர் கடன்பட்டவராகவும் ஆகக்கூடும். குருமனையையும் அதனைச் சேர்ந்த கட்டடங்களையும் பழுது பார்ப்பது பதவியிலிருக்கும் குருவின் கடமை. அவர் அதனைச் செய்யாது இறந்தால், பழுதுக்குரிய தொகையை அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து பெறப் புதிய குருவுக்கு உரிமை உண்டு. 1871-ஆம் ஆண்டின் சட்டம் இம்முறையை ஒழுங்குபடுத்தியது. பதவி காலியானதும் திருமண்டல மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்வையிட்டுப் பழுதுகளைக் கணக்கிடுவார். பேராயரின் ஆணைப்படி அத்தொகை இறந்தவருடைய சொத்தின்மேல் கடனாக நிற்கும். இந்நூற்றாண்டில் பல ஊர்களில் பழைய சிறு குருமனைகள் இடிக்கப்பட்டுப் பெரிய வீடுகள் கட்டப்பட்டன. வீடு பெரிதாகப் பெரிதாகப் பழுதுச் செலவும் பெருகிற்று. குருவின் தகுதியை உயர்த்திய பெரிய வீடே அவர் கைம்பெண்ணுக்குப் பெருஞ்சுமையாய் முடிந்தது.

சேமிப்பால் இக்குறையை ஈடுசெய்தல் பலருக்கு இயலாததாயிருந்தது. குருப்பதவிகளின் வருமானம் மிகவும் ஏற்றத்தாழ்வு உடையது. உதவிக்குருமாரின் நிலையோ இன்னும் எளியது. குருவானவர் தங்கியிராத சபைகளில் பணியாற்றும் உதவிக்குருவுக்கு ஆண்டுக்கு 80 பவுனுக்குக் குறையாமலும், அப்பதவியின் வருமானமே அதனினும் குறைவாயின் அவ்வருமானம் முழுவதும் அளிக்கவேண்டும் என 1813-ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. குறைந்த அளவைச் சட்டத்தால் விதிக்க நேர்ந்ததே அன்றைய நிலையைக் காட்டும். பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில் பயின்ற இம்மனிதர்கள் கனவான்களுக்குரிய தோற்றத்துடன் வாழவேண்டும் என்று சமூகம் எதிர்பார்த்தது. மனைவி கொண்டுவந்த பொருளும், தனி ஏற்பாடு செய்யப்பட்டாலன்றி, கணவரின் ஆளுகைக்குட்பட்டது. 1870, 1882-ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரும்வரை இந்நிலை நீடித்தது. 1829-ஆம் ஆண்டு குருமாருக்கென ஓர் ஆயுள் காப்புச் சங்கம் தோன்றியது உண்மையே. ஆயினும் ஆண்டுதோறும் அதற்குப் பணம் கட்ட வல்லவருக்கே அதனால் பயன் விளைந்தது.

நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் குடும்பம் இதற்கு நாமறிந்த சான்றாகும். அவர் தந்தையார் குரு ஜார்ஜ் ஆஸ்டின் 1805-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள் பாத் நகரில் காலமானார். அன்றோடு அவருடைய பதவிகளின் வருவாய் நின்றுவிட்டது. தாயாரும் மணமாகாத இரு பெண்மக்களும் எஞ்சினர். ஆண்மக்கள் ஆளுக்கொரு தொகை ஒதுக்கியமையால், தாயாரின் சிறு வருவாயோடு சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 450 பவுன் கிடைத்தது. வாடகை வீடுகளிலும் மகன் ஒருவரோடும் சில ஆண்டுகள் கழித்தபின், 1809-ஆம் ஆண்டு வசதி மிக்க மற்றொரு மகன் அளித்த வீட்டில் அவர்கள் நிலைகொண்டனர். பின்னர் அவர் எழுதிய 'எம்மா' என்னும் நாவலில், முன்னாள் குருவின் கைம்பெண்ணும் அவருடைய மகளும் அண்டை அயலாரின் தயவை எதிர்நோக்கிச் சிற்றறைகளில் வாழ்வது காட்டப்படுகிறது. பொருளுடைய ஆண்மக்கள் இல்லாத கைம்பெண்ணின் நிலை என்னவாகும் என்பதை ஆஸ்டின் நன்கறிந்திருந்தார்.

3. பேராயர்கள் எழுப்பிய இல்லங்கள்

இத்தகையோருக்காக ஏற்பட்ட இல்லங்களில் முதன்மையானவை 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. உள்நாட்டுப் போரின்போது அரசரின் பக்கம் நின்ற குருமார் பலர் தம் பதவிகளை இழந்தனர். அவர்களுடைய குடும்பங்களின் துயரமே இவ்வறச் செயல்களுக்குத் தூண்டுகோலாயிற்று. குருமாரின் மக்களுக்கு உதவும்பொருட்டு 1655-ஆம் ஆண்டு இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் ஓர் ஆராதனை நடைபெற்றது. அதிலிருந்து வளர்ந்த 'குருமாரின் புதல்வர்' என்னும் கழகம் 1678-ஆம் ஆண்டு அரச சாசனம் பெற்று, கைம்பெண்களுக்கும் உதவித்தொகை வழங்கி வந்தது.

ரோசெஸ்டர் பேராயராயிருந்த ஜான் வார்னர் 1666-ஆம் ஆண்டு இறந்தபோது, அரசப் பற்றும் நேரிய விசுவாசமும் உடைய குருமாரின் ஏழைக் கைம்பெண்கள் இருபது பேருக்கு இல்லம் அமைக்க உயிலெழுதி வைத்தார். அதன்படி அக்காலத்தில் கெண்ட் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த புரோம்லியில் 1670-ஆம் ஆண்டு தொடங்கி 'புரோம்லி காலேஜ்' கட்டப்பட்டது. நடுவே சதுர முற்றம், அதனைச் சுற்றித் தூண்கள் தாங்கிய தாழ்வாரம், அதனையொட்டி இருபது வீடுகள், ஒரு சிற்றாலயம், நாள்தோறும் செபம் நடத்த ஒரு குரு. ஒவ்வொரு கைம்பெண்ணுக்கும் ஆண்டுக்கு 20 பவுனும், குருவுக்கு 50 பவுனும் ஏற்படுத்தப்பட்டன.

வின்செஸ்டரில் பேராயர் ஜார்ஜ் மார்லி 1672-ஆம் ஆண்டு பத்துக் கைம்பெண்களுக்கு ஓர் இல்லத்தை நிறுவினார். சாலிஸ்பரியில் பேராயர் சேத் வார்டு 1682-ஆம் ஆண்டு பத்துப் பேருக்கு ஓர் இல்லம் எழுப்பினார். வார்டு முன்னர் எக்சிட்டரில் பேராயராயிருந்தவர். ஆகவே இரு திருமண்டலங்களின் கைம்பெண்களும் அங்கு இடம்பெறலாம் என விதித்தார். இவ்வில்லம் பேராலய வளாகத்துக்குள்ளேயே அமைந்துள்ளது. குருமாரின் மனைவியர் பேராலய வளாகங்களில் தங்கலாகாது என 1561-ஆம் ஆண்டு எலிசபெத் இட்ட ஆணையை நினைவுகூர்ந்தால், 121 ஆண்டுகளில் ஏற்பட்ட மனமாற்றம் விளங்கும்.

இவ்வில்லங்களுக்கு இடப்பட்ட பெயர்களும் கவனிக்கத்தக்கவை. ஏழை விடுதி என்றோ அன்னச்சத்திரம் என்றோ அவற்றை அழைக்கவில்லை. 'காலேஜ்' என்றே அழைத்தனர். இங்கு அச்சொல் பள்ளியைக் குறிப்பதன்று. ஒரு விதியின்கீழ்ச் சேர்ந்து வாழும் குழு என்னும் பழைய இலத்தீன் பொருளில் வழங்கியதாகும். சேத் வார்டு தம் இல்லத்தை 'கைம்பெண்களின் காலேஜ்' எனவும் கூறவில்லை; 'இல்லத்தரசியரின் காலேஜ்' எனப் பொருள்படும்படி பெயரிட்டார். கணவரை இழந்தமையால் அவர்கள் மதிப்பை இழக்கவில்லை என்பதை அப்பெயர் உணர்த்திற்று.

4. 19-ஆம் நூற்றாண்டில் வளர்ச்சி

18-ஆம் நூற்றாண்டில் பேராயர் சகரி பியர்ஸ் அளித்த 5,000 பவுனைக்கொண்டு புரோம்லிக் கைம்பெண்களின் உதவித்தொகை 30 பவுனாக உயர்ந்தது. அந்நூற்றாண்டின் முடிவையொட்டி, அவருடைய சகோதரர் வில்லியம் பியர்ஸ், ஹெலன் பெட்டன்சன் என்னும் அம்மையார் ஆகியோரின் கொடைகளால் இரண்டாம் முற்றமும் அதனைச் சூழ்ந்து மேலும் இருபது வீடுகளும் எழுந்தன. இவ்வாறு 19-ஆம் நூற்றாண்டில் புரோம்லி 40 கைம்பெண்களுக்கு இடமளித்தது. லிச்பீல்டு நகரில் ஆண்ட்ரு நியூட்டன் என்பார் 1800-ஆம் ஆண்டு 20,000 பவுன் அளித்து, குருமாரின் கைம்பெண்களும் மணமாகாத பெண்மக்களுமாக இருபது பேருக்கு ஓர் இல்லத்தை நிறுவினார்.

எனினும் புரோம்லியில் ஒரு துன்பம் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது. கைம்பெண்ணோடு அவருடைய மணமாகாத மகளும் பெரும்பாலும் குடியிருப்பார். முதுமையிலும் நோயிலும் தாயைப் பேணுபவர் அவரே. தாய் இறந்தால் அவ்வீடு அடுத்த கைம்பெண்ணுக்குரியது. மகளுக்கு அங்கு உரிமை இல்லை. இளமையில் தந்தையின் சாவால் குருமனையை இழந்தவர், நடுவயதிலோ முதுமையிலோ தாயின் சாவால் இரண்டாம் முறையாக வீடிழந்து நின்றார். பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியையாவதைத் தவிர, அவர் நிலையிலுள்ள பெண்ணுக்கு மதிப்பான தொழில் வேறு அரிதே. ஐம்பது வயதில் புதிதாக அவ்வேலை தேடுவோரை யார் ஏற்பர்?

இக்குறையைக் கண்டுணர்ந்தவர் சோபியா ஷெப்பர்டு அம்மையார். அவரும் ஒரு குருவின் கைம்பெண்ணே; ஆனால் செல்வம் உடையவர். ஆக்ஸ்போர்டு மாக்டலன் கல்லூரியின் தலைவராக நெடுங்காலம் விளங்கிய மார்ட்டின் ரௌத் அவருடைய சகோதரர். 1840-ஆம் ஆண்டு அவ்வம்மையார் புரோம்லி காலேஜின் அருகிலேயே ஐந்து வீடுகளைக் கட்டுவித்தார். புரோம்லியில் தாயோடு வாழ்ந்து, தாயின் மறைவால் வீடிழந்த மணமாகாத பெண்மக்களுக்கே அவை உரியவை. 'ஷெப்பர்டு காலேஜ்' எனப் பெயர்பெற்ற இதனை நாம் சிறப்பாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. பேராயரான வார்னர் குருவை இழந்த மனைவியைக் கண்டார். கைம்பெண்ணான சோபியாவோ அம்மனைவியைப் பேணிய மகளைக் கண்டார். துன்பத்தை அருகிலிருந்து அறிந்தவரின் பார்வை, சட்டங்களும் உயில்களும் காணாது விட்டவரையும் கண்டது.

5. தருமத்தின் எல்லை

இவ்வில்லங்களின் நன்மையை நாம் குறைத்து மதிப்பிடுதல் தகாது. பூட்டிக்கொள்ளத் தனிக் கதவு, நிலையான சிறு வருவாய், அருகில் ஆலயம், ஒத்த அனுபவம் உடைய அண்டை வீட்டார் ஆகியவற்றை அவை அளித்தன. ஆனால் அளவை நோக்குக. புரோம்லி 40, லிச்பீல்டு 20, சாலிஸ்பரி 10, வின்செஸ்டர் 10: மேலே கண்ட நான்கு இல்லங்களும் சேர்ந்து 80 பேருக்கே இடமளித்தன. வேறு சில ஊர்களிலும் சிற்றில்லங்கள் இருந்தன. ஆயினும் 1851-ஆம் ஆண்டின் குடிக்கணக்கின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆங்கிலத் திருச்சபையின் குருமார் 17,000-க்கும் மேற்பட்டோர். அவர்கள் விட்டுச்செல்லும் ஏழைக் கைம்பெண்களுக்கு இவ்வீடுகள் எம்மாத்திரம்?

குறைந்த இடங்களுக்குப் பலர் விண்ணப்பித்தபோது தெரிந்தெடுத்தல் தவிர்க்க முடியாததாயிற்று. தருமகர்த்தாக்களை அறிந்தவர், பேராயரின் பரிந்துரை பெற்றவர், இன்ன திருமண்டலத்தைச் சேர்ந்தவர் என்பன முடிவைத் தீர்மானித்தன. அந்நூற்றாண்டில் தோன்றிய பல அறநிறுவனங்கள் உதவி பெறுவோரைச் சந்தாதாரரின் வாக்குகளால் தேர்ந்தெடுத்தன. அத்தகைய இடங்களில் உதவி தேடுவோர் தம் துயரத்தை அச்சிட்டு முன்பின் அறியாதவருக்கு அனுப்பி வாக்குக் கேட்க நேர்ந்தது. நேற்றுவரை சபையின் ஏழைகளுக்கு உதவி செய்தவர் இன்று தம் வறுமைக்குச் சான்று தேட வேண்டியவரானார்.

வகுப்புப் பிரிவினையும் இதில் கலந்திருந்தது. 1834-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்துக்குப்பின் உழைப்பாளியின் கைம்பெண்ணை அச்சுறுத்தியது கட்டாய வேலை விடுதி. குருவின் கைம்பெண்ணை அதிலிருந்து காக்க வேண்டும் என்னும் எண்ணத்தில் அன்பும் இருந்தது. அவர் உயர்குலத்தவர் என்னும் மதிப்பீடும் இருந்தது. இரண்டையும் வரலாற்று மாணவர் பிரித்தறிய வேண்டும்.

6. ஸ்காட்லாந்து காட்டிய வேறு வழி

இதே தேவைக்கு அண்டை நாடாகிய ஸ்காட்லாந்தின் திருச்சபை வேறொரு விடை கண்டது. எடின்பரோ நகரப் போதகர்களாகிய ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் ஆகிய இருவரும், ஆண்டுதோறும் எத்தனை போதகர்கள் இறக்கின்றனர், எத்தனை கைம்பெண்கள் எஞ்சுகின்றனர் என்று கணக்கெடுத்தனர். கணித அறிஞர் காலின் மக்லாரின் அக்கணக்கை ஆராய்ந்து உதவினார். அதன்மேல் 1744-ஆம் ஆண்டு பாராளுமன்றச் சட்டத்தால் கைம்பெண் நிதி ஒன்று நிறுவப்பட்டது. போதகர்கள் நான்கு விகிதங்களில் ஒன்றைத் தெரிந்துகொண்டு ஆண்டுதோறும் பணம் செலுத்தவேண்டும். அதற்கேற்ப அவர்களுடைய கைம்பெண்கள் ஆண்டுக்கு 10 பவுன் முதல் 25 பவுன் வரை பெறுவர்.

தொகை பெரிதன்று. புரோம்லியில் வீட்டோடு கிடைத்ததைவிடக் குறைவே. ஆயினும் வேறுபாடு அடிப்படையானது. ஸ்காட்லாந்துப் போதகரின் கைம்பெண் எவரிடமும் விண்ணப்பித்துத் தம் வறுமையை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அவர் கணவர் செலுத்தினார்; ஆகவே அவர் பெற்றார். காலியிடம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இங்கிலாந்தில் தருமமாய் இருந்தது அங்கு உரிமையாயிற்று. இந்நிதி தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்ற பின்னரும் இங்கிலாந்துத் திருச்சபை இவ்வழியில் முழுமையாய் நடக்கவில்லை. ஒவ்வொரு குருவும் தம் பதவிக்குத் தனி உடைமையாளர் என்னும் பழைய அமைப்பே இதற்குப் பெருந்தடை எனக் கருதலாம். பொதுநிதிக்கு அனைவரிடமிருந்தும் பணம் பெறக்கூடிய அமைப்பு அங்கு எளிதில் உருவாகவில்லை.

7. பிற்கால மாற்றங்கள்

1870-களின் பிற்பகுதியில் தொடங்கிய வேளாண்மைத் தாழ்வு, தானிய விலையோடு பிணைக்கப்பட்டிருந்த தசமபாக வருமானத்தையும் மானிய நிலக் குத்தகையையும் குறைத்தது. பல குருமாரின் வறுமை வெளிப்படையாயிற்று. 1871-ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம், முதுமையால் பதவி விலகும் குரு அப்பதவியின் வருமானத்தில் மூன்றிலொரு பங்குவரை பெற வழிசெய்திருந்தது. அதுவும் அவர் உயிரோடிருக்கும் வரையே. 1886-ஆம் ஆண்டு குருமார் ஓய்வூதிய நிறுவனம் தோன்றியது. அதில் சேர்வது அவரவர் விருப்பம். 1926-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தால்தான் ஓய்வூதியம் பொதுவான முறையாயிற்று. கைம்பெண்களையும் சார்ந்தோரையும் பற்றிய சட்டம் 1936-ஆம் ஆண்டு வந்தது. குருமனையின் பழுதுச் சுமை 1972-ஆம் ஆண்டின் சட்டத்தால் திருமண்டலங்களின் பொறுப்பாயிற்று. குருமாரின் மணத்தை ஏற்ற 1549-ஆம் ஆண்டிலிருந்து எண்ணினால் 423 ஆண்டுகள்.

பழைய இல்லங்கள் மறைந்துவிடவில்லை. புரோம்லி, ஷெப்பர்டு இல்லங்கள் இரண்டும் ஓய்வுபெற்ற குருமாருக்கும் அவர்தம் துணைவர்க்கும் இடமளிக்கும் இல்லங்களாக விளங்குகின்றன.

8. நாம் கற்பன

ஆதித் திருச்சபையில் விதவைகளைப் பற்றிய முறையீடே சபையின் முதல் நிர்வாக ஒழுங்குக்குக் காரணமாயிற்று என அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரம் காட்டுகிறது. அப்போஸ்தலர் அம்முறையீட்டைக் கேட்டு நன்கொடை திரட்டியதோடு நிற்கவில்லை. பங்கீட்டுக்குப் பொறுப்பான ஏழு பேரை ஏற்படுத்தினர். 1 தீமோத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் விதவைகளுக்கும் பின்னர் மூப்பர்களுக்கும் உரியதாகக் கூறப்படும் 'கனம்' கிரேக்கத்தில் ஒரே சொற்குடும்பத்தைச் சேர்ந்தது. அது மரியாதையை மட்டுமன்றி, வாழ்க்கைக்கு வேண்டிய ஆதரவையும் உள்ளடக்கும் என்பது விளக்கவுரையாளர் பலரின் கருத்து. ஊழியருக்கு உரியது வேறு, அவர் விட்டுச்சென்றவருக்கு உரியது வேறு எனப் பிரிக்க இவ்வதிகாரம் இடந்தரவில்லை.

இங்கிலாந்தின் வரலாறு நமக்கு அயலானதன்று. குருமனையில் வாழும் வழக்கத்தை நம் சபைகள் மிஷனெரிமாரிடமிருந்து பெற்றன. சொந்த வீடின்றி ஊழியம் செய்து ஊர் ஊராக மாறிச்செல்லும் குருமார் நம்மிடையே பலர். எனவே பேராயங்களின் கணக்குகளை ஆராயும் நாம் கேட்க வேண்டிய வினாக்கள் சில உண்டு. குருவானவர் ஊழியத்தில் இருக்கும்போதே இறந்தால், குடும்பம் எத்தனை நாளில் வீட்டைக் காலி செய்யவேண்டும்? அக்காலம் விதியில் எழுதப்பட்டுள்ளதா, அல்லது அடுத்து வருபவரின் பொறுமையைச் சார்ந்ததா? குடும்பத்துக்குச் சேரவேண்டியது கேளாமலே வருகிறதா, பலமுறை அலுவலகப் படியேறிய பின்னர் வருகிறதா? மணமாகாத மகளையும் ஊனமுற்ற மகனையும் விதி எண்ணியுள்ளதா?

வார்னரும் வார்டும் ஷெப்பர்டு அம்மையாரும் தம் கையிலிருந்ததைக் கொடுத்தனர். அவர்களை நன்றியோடு நினைவுகூர்கிறோம். ஆனால் அவர்கள் கட்டிய வீடுகளில் இடங்கிடைத்தவர்களைப் பற்றி எழுதும்போது, இடங்கிடையாதவர்களையும் திருச்சபை மறக்கலாகாது. தனிமனிதரின் இரக்கம் சிலருக்கு வீடு தந்தது. அனைவருக்கும் அதனை உறுதிசெய்யும் கடமை திருச்சபையின் பொது ஒழுங்கைச் சார்ந்தது. அக்கடமையை நிறைவேற்ற இங்கிலாந்துத் திருச்சபை நானூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. நாம் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள நியாயமில்லை.